மரம் காயக் காய உரம் ஏறும். பிறகு பொருத்து ஏன் தளர்கிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் களனி கங்கை பெருக்கெடுத்து, கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்ததும் ஓர் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கூரையும் கதவு நிலையும் திருத்தக் கிளம்பினால், மரம் விற்கும் மரக்காலையில் காய்ந்த மரம்தான் முதலில் தீரும். அடுத்ததாக, அரிந்து சில நாட்களே ஆன மரம் லொறியில் வந்து இறங்கும். அதுவே கூரை ஏறும். வேலை முடிந்த அன்று எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று மாதம் போய்க் காற்று வறண்டதும் இரவில் கூரைக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் ஆணித்தலை துருத்திக்கொண்டிருக்கும். போல்டின் வொஷரை விரலால் சுற்றலாம். சட்டத்தின் முனையில் நீளமாக ஒரு கோடு விழுந்திருக்கும்.

வீட்டுக்காரர் தச்சுவேலை செய்த பாஸைக் குறை சொல்வார். பாஸ் மரக்காலையைக் காட்டுவார். மரக்காலைக்காரரோ, "மரம் காயக் காயத்தானே உரம் ஏறும், பயப்படாதீங்க" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. மரத்தின் பலம் ஒன்று, சட்டங்களை ஆணியாலோ போல்டாலோ இணைத்த பொருத்தின் பலம் இன்னொன்று. ஈரம் போகும்போது முதலாவது கூடுகிறது. இரண்டாவது பல இடங்களில் குறைகிறது. இரண்டும் ஒரே கூரையில், ஒரே மாதத்தில் நடக்கின்றன. எப்படி என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஈரம் எங்கே இருக்கிறது?

மரத்தின் ஈர அளவைக் கணக்கிட, அதிலுள்ள தண்ணீரின் எடையை முற்றாகக் காய்ந்த மரத்தின் எடையால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். ஒரு சிறு துண்டை நிறுத்துப் பார்த்தால் 84 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதை 103 பாகை செல்சியஸ் சூட்டில், இனி எடை குறையாது என்னும்வரை உலர்த்தினால் 60 கிராம். போன தண்ணீர் 24 கிராம்; 60இல் 24 என்றால் ஈர அளவு 40 சதவீதம். அடர்த்தி குறைந்த சில பச்சை மரங்களில் இந்த எண் நூறையும் தாண்டும். மரத்தைவிட அதற்குள் இருக்கும் தண்ணீரின் எடை அதிகம் என்பதே அதன் பொருள்.

இந்தத் தண்ணீர் இரண்டு விதமாகத் தங்கியிருக்கிறது.

1. மரத்தின் நார்கள் மிக நுண்ணிய குழாய்கள். குழாயின் உள்வெளியில் தேங்கி நிற்பது தளர்நீர்.

2. குழாயின் சுவருக்குள்ளேயே ஊறி ஒட்டிக்கொண்டிருப்பது பிணைநீர்.

காயும்போது தளர்நீர் முந்திப் போகும். போத்தலில் உள்ள தண்ணீரைக் கொட்டினால் போத்தல் சிறுத்துவிடுவதில்லை. அதுபோலத் தளர்நீர் போவதால் மரம் சுருங்குவதில்லை, பாரம்தான் குறையும். தளர்நீர் தீர்ந்து சுவர் மட்டும் நனைந்து நிற்கும் கட்டத்துக்கு நார் நிறைவு நிலை என்று பெயர். பெரும்பாலான மரங்களில் அது 25 முதல் 30 சதவீதத்துக்குள் வரும். சுருக்கம், நெளிவு, வெடிப்பு, பலம் கூடுதல் ஆகிய எல்லாமே இந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கிய பிறகே நடக்கின்றன.

பச்சை மரக் கூரை முதல் சில வாரங்கள் அசையாமல் நிற்பதற்கும், பிறகு திடீரென்று கோளாறு காட்டுவதற்கும் காரணம் இதுதான். 60 சதவீத ஈரத்தோடு கூரை ஏறிய கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்) 30க்கு இறங்கும்வரை உள்மரம் அளவு மாறாது. வீட்டுக்காரர் அதைப் பார்த்துத் திருப்திப்பட்டு மிச்சப் பணத்தைக் கொடுத்துவிடுவார். சுருக்கம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

பலம் உண்மையிலேயே கூடுகிறதா?

கூடுகிறது. சுவரிலுள்ள பிணைநீர் போகப்போக நாரின் இழைகள் நெருங்கி ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வெடிப்போ முடிச்சோ இல்லாத தேக்கை நார்ப்போக்கில் நசுக்கிச் சோதித்தால், பச்சையில் சதுர மில்லிமீற்றருக்குச் சுமார் 41 நியூட்டனில் உடையும். 12 சதவீதத்துக்குக் காய்ந்தபின் 58 நியூட்டன்வரை தாங்கும். வளைவு, விறைப்பு எல்லாமே இதே வழியில் கூடும். மரக்காலைக்காரரின் சொல்லுக்கு இது ஆதாரம். ஆனால் அந்தச் சோதனைத் துண்டில் ஆணி கிடையாது, போல்ட் கிடையாது, ஓட்டை கிடையாது.

சுருக்கம் எந்தப் பக்கம் எவ்வளவு?

மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் மிக அதிகம். அதை வளையத் திசை என்போம். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய ஆரைத் திசையில் ஏறத்தாழ அதில் பாதி. நீளவாட்டில் மிகச் சொற்பம்: முற்றாகக் காய்ந்தாலும் சாதாரண மரத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான்.

தேக்கைப் பச்சையிலிருந்து முற்றாக உலர்த்தினால் வளையத் திசையில் 5.8 சதவீதமும் ஆரைத் திசையில் 2.5 சதவீதமும் சுருங்கும். றப்பர் மரத்தில் இவை 5.1, 2.3. இவை அடக்கமான மரங்கள். வளையத் திசையில் எட்டு, பத்து சதவீதம் சுருங்கும் மரங்களும் சந்தையில் கிடக்கின்றன. பெயர் தெரியாத மலிவுப் பலகை வாங்கும்போது விலையோடு சேர்த்து இதையும் வாங்குகிறோம்.

கொழும்பின் காற்று எதுவரை காய வைக்கும்?

மரம் முழுதாகக் காய்வதில்லை. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதனோடு ஒத்துப்போகும் ஓர் அளவில் நின்றுவிடும்; அது சமநிலை ஈரம். 27 பாகை சூட்டில் காற்றின் ஈரப்பதன் 80 சதவீதமாக இருந்தால் மரம் சுமார் 16 சதவீதத்தில் நிற்கும். 70 என்றால் 13. ஏசி ஓடும் அறையில் 50, 55 என்றால் 9 அல்லது 10.

கடலோரக் கொழும்பில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. ஒக்டோபர், நவம்பரில் மறுபடியும் பெருமழை. ஜனவரி, பெப்ரவரியில்தான் கொஞ்சம் வறட்சி. ஆகவே இங்கே ஓட்டுக்குக் கீழே உள்ள கைமரம் ஏறத்தாழ 13க்கும் 16க்கும் இடையே வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். பச்சை மரத்துக்கு நார் நிறைவு நிலையிலிருந்து (28 என்று வைத்தால் 14வரை) 14 சதவீதப் புள்ளி இறக்கம். அதாவது மேலே சொன்ன முழுச் சுருக்கத்தில் பாதி.

மழைக்காலத்தில் 16 சதவீதத்தில் செய்த அலுமாரியை வெள்ளவத்தை அடுக்குமாடியில் நாள் முழுக்க ஏசி ஓடும் அறைக்குள் வைத்தால், அதற்கும் ஆறு புள்ளி இறக்கம் உண்டு. நூறு மில்லிமீற்றர் அகலத்துக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே சுருங்கும். கதவுச் சட்டத்தின் துளையில் செருகிய கழுந்து ஆடுவதற்கு அது போதும். ஊரிலிருந்து ஆசையாக ஏற்றிவந்த அலுமாரி கொழும்பில் ஆடத் தொடங்கினால், செய்தவரின் கையில் பிழை என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

போல்ட்: நட்டுக்கும் மரத்துக்கும் நடுவே

ஒரு பொருத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். குறுக்கே போகும் தீராந்தி நடுவில். அதன் இரண்டு பக்கமும் கைமரச் சட்டங்கள். ஒவ்வொன்றும் 50 மில்லிமீற்றர் தடிப்பு, மொத்தம் 150. மூன்றையும் ஊடுருவி 12 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று. தேக்கு, பச்சையில் இறுக்கியது.

கைமரம் 14 சதவீதத்துக்கு வந்ததும் இந்த 150 மில்லிமீற்றர் தடிப்பு எவ்வளவு குறைந்திருக்கும்? பலகை அரிந்த விதத்தைப் பொறுத்து, ஆரைத் திசை என்றால் சுமார் 1.9 மில்லிமீற்றர்; வளையத் திசை என்றால் சுமார் 4.4 மில்லிமீற்றர். போல்ட் இரும்பு, அது சுருங்கவில்லை. 12 மில்லிமீற்றர் சாதாரண போல்டில் நட் ஒரு முழுச் சுற்றுக்கு 1.75 மில்லிமீற்றர் நகரும். ஆகவே யாரும் கை வைக்காமலே அந்த நட் ஒரு சுற்றிலிருந்து இரண்டரைச் சுற்றுவரை கழன்றதற்குச் சமம். வொஷர் விரலில் சுழல்வது இதனால்தான்.

இதனால் பொருத்து உடைந்துவிட்டது என்று பொருளில்லை. பலகைகளுக்கு இடையிலான உரசலை நம்பிப் பொறியியலாளர்கள் போல்ட்டுப் பொருத்தை வடிவமைப்பதில்லை. போல்ட் ஓட்டையின் சுவரில் முட்டிப் பாரத்தைக் கடத்தும் என்றே கணக்கிடுகிறார்கள். தளர்ந்த போல்டும் அப்படி முட்டும். இழப்பது வேறு விடயங்கள்.

1. இறுக்கம் இருந்தவரை உரசல் அசைவைத் தடுத்தது. இப்போது ஓட்டைக்கும் போல்டுக்கும் உள்ள இடைவெளி அளவுக்குப் பலகை நகர்ந்துதான் முட்டும். ஒரு பொருத்தில் ஒரு மில்லிமீற்றர் என்றாலும் நாலைந்து பொருத்துகளின் நகர்வு சேர்ந்து முகட்டு வளையில் தாழ்வாகத் தெரியும். ஓட்டு வரிசை கோணும். மழை நீர் புகும்.

2. போல்ட் வளையத் தொடங்கும்போது தலையும் நட்டும் பலகையைக் கவ்விப் பிடித்தால் கூடுதல் தாங்குதிறன் கிடைக்கும். தளர்ந்த நட் அந்தக் கவ்வலைத் தாமதப்படுத்தும்.

3. காற்று ஒரு முறை அழுத்தி ஒரு முறை உறிஞ்சும்போது தளர்ந்த பொருத்து முன்னும் பின்னும் அடிபடும். ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக நீள்வட்டமாகும்.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றே: மறுபடி இறுக்குவது. இறுக்க முடியாத இடத்தில் நட்டை வைத்து மூடுவதுதான் பிழை.

இரும்புத் தகடு: சுருங்க விடாமல் பிடிக்கும் கை

மேலே சொன்னதைவிட ஆபத்தானது இது. அகலமான உத்தரத்தின் பக்கத்தில் இரும்புத் தகடு வைத்து, மேலே ஒரு வரிசை, 200 மில்லிமீற்றர் கீழே ஒரு வரிசை என்று போல்ட் போடுகிறோம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உத்தரம் காயும்போது அந்த 200 மில்லிமீற்றர் அகலம் இரண்டு சதவீதம், அதாவது 4 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். தகடு விடாது. ஓட்டையில் உள்ள ஒரு மில்லிமீற்றர் இடைவெளி தீர்ந்ததும் மரம் நாருக்குக் குறுக்கே இழுபடத் தொடங்கும்.

மரத்தின் மிகப் பலவீனமான இடம் அதுதான். விறகைக் கோடாலியால் நீளவாட்டில் பிளப்பது எவ்வளவு சுலபம், குறுக்கே வெட்டுவது எவ்வளவு கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். ஐரோப்பியத் தரவரிசையில் டி30 என்னும் வன்மரத்துக்கு நார்ப்போக்கில் இழுவிசைக்குக் கொள்ளும் பெறுமதி சதுர மில்லிமீற்றருக்கு 18 நியூட்டன். குறுக்கே வெறும் 0.6. முப்பதில் ஒரு பங்கு. ஆகவே உத்தரம் போல்ட் வரிசையை ஒட்டிப் பிளக்கும். மேலே ஒரு பாரமும் ஏற்றாவிட்டாலும் பிளக்கும், காய்வதே போதும்.

அமெரிக்க மர வடிவமைப்பு நியமம் இதற்குக் கடுமையான தண்டனை வைத்திருக்கிறது. 19 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருக்கும்போது பொருத்திப் பிறகு காயும் மரத்தில், இப்படிப் பல வரிசைகளைப் பிணைத்த போல்ட்டுப் பொருத்துக்குக் கணக்கிட்ட பலத்தில் 40 சதவீதத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. அதே நியமம், ஒரே போல்ட் என்றாலோ, நார்ப்போக்கில் ஒரே வரிசை என்றாலோ, வரிசைக்கு ஒரு தனித் தகடு என்றாலோ முழுப் பலத்தையும் அனுமதிக்கிறது. மரமும் ஈரமும் இரும்பும் அவையேதான். மரம் சுருங்க வழி விட்டோமா என்பது ஒன்றுதான் வித்தியாசம். இந்த ஒரு விதியை நம் கூரை வேலைத்தளங்களில் எல்லோரும் அறிந்திருந்தால் எத்தனையோ உத்தரங்கள் தப்பும்.

ஆணி: அன்று பிடித்தது, பிறகு விட்டது

கொழும்பின் சிறு வீடுகளில் கூரையைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் ஆணிதான். ஆகவே இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஆணி எதனால் பிடிக்கிறது? உள்ளே இறங்கும்போது நார்களை விலக்கித் தள்ளுகிறது. தள்ளுண்ட நார்கள் திரும்பி வரப் பார்த்து ஆணியின் உடலை நெருக்குகின்றன. அந்த நெருக்கலும் உரசலுமே பிடி. வழுவழுப்பான கம்பி ஆணிக்கு வேறு பிடிமானம் எதுவும் கிடையாது.

பச்சை மரத்தில் ஆணி அடித்து உடனே பிடுங்கிப் பார்த்தால், காய்ந்த மரத்தில் வருமளவுக்கே பிடி இருக்கும். அடித்த அன்று பாஸ் நெம்பிக் காட்டி, "பாருங்க, அசையுதா?" என்று கேட்பதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சோதனையிலிருந்து நாளைக்கு ஒன்றும் தெரியாது. பச்சையில் அடித்த வழுவழுப்பான ஆணி மரத்தோடு சேர்ந்து காய்ந்தாலோ, நனைந்தும் காய்ந்தும் பலமுறை மாறினாலோ, பிடுங்கலைத் தாங்கும் திறனில் முக்கால்வாசிவரை போய்விடலாம் என்பது சோதனைகளில் கண்ட விடயம். மேலே சொன்ன அமெரிக்க நியமமும் ஈரத்தில் அடித்துக் காய்ந்த ஆணிக்குக் கால்வாசிப் பிடியையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ஐரோப்பிய நியமமான யூரோகோட் 5, நார் நிறைவு நிலைக்குக் கிட்ட வைத்து அடித்துப் பாரத்தோடு காயப்போகும் மரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்கிறது. அளவில் வேறுபட்டாலும் இரண்டும் குறைக்கவே சொல்கின்றன.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். மரம் சுருங்கினால் ஓட்டையும் சுருங்குமே, அப்போது ஆணியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டாமா? முதலில் அப்படித்தான் முயலும். ஆனால் மூன்று காரணங்களால் அது நிலைப்பதில்லை.

1. ஈரத்தில் நார் மென்மையாக இருக்கும். ஆணியின் நெருக்கலில் நசுங்கி, அந்த நசுங்கிய வடிவத்திலேயே காய்ந்து உறைந்துவிடும். பிறகு திரும்பி நெருக்குவதற்கு அதில் முறுக்கு மிஞ்சுவதில்லை.

2. விட்டுக்கொடுக்காத இரும்பைச் சுற்றி மரம் சுருங்கும்போது ஆணியின் இரு பக்கமும் நார்ப்போக்கில் மயிரளவு வெடிப்பு விழும். வெடிப்பின் வழியே நெருக்கல் தளர்ந்துவிடும்.

3. மழைக்காலத்தில் மரம் மறுபடி ஊதி, வெயிலில் மறுபடி சுருங்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ஆணி மிகச் சிறிது வெளியே நகரும். நுனி ஆழத்தில் பிடிபட்டிருக்க மேற்பரப்பு கீழே இறங்கும். மரம் ஊதும்போது ஆணியையும் தூக்கும். சுருங்கும்போது ஆணி மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பாது.

துருத்திய ஆணித்தலையின் கதை அதுதான். ஆணி 50 மில்லிமீற்றர் ஆழம் கைமரத்துக்குள் இருந்து, மரம் இரண்டு சதவீதம் சுருங்கினால், முதல் வறட்சியிலேயே ஒரு மில்லிமீற்றர் மேலே நிற்கும். அதன்மேல் குறுக்கே கிடந்து ஓடுகளைத் தாங்கும் ரீப்பர் சட்டமும் சுருங்குவதால் இடைவெளி இன்னும் கூடும். நீளமான ஆணி அதிகம் பிடிக்கும் என்று நினைத்துப் பச்சை மரத்தில் இன்னும் நீள ஆணி அடித்தால் துருத்தலும் அதே விகிதத்தில் கூடும்.

சுத்தியலால் திரும்ப அடித்து உட்காரவைப்பது கண்ணுக்கு அழகு. போன பிடி வராது. அதே ஓட்டையில் அதே ஆணி இறங்குகிறது, அவ்வளவே.

ஏன் யாருக்கும் தெரியாமல் போகிறது?

ஓட்டுக் கூரையில் ஓட்டின் பாரம் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும். அந்தத் திசையில் ஆணியைப் பிடுங்கும் விசை எதுவுமில்லை. முக்கால்வாசிப் பிடி போனாலும் கூரை அப்படியே கிடக்கும். தகரமோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ என்றால் பாரம் குறைவு. காற்று கூரையின் மேல் பாயும்போது உறிஞ்சல் அதை மேலே தூக்கும். அப்போது ரீப்பரைக் கைமரத்தோடு பிடித்து வைத்திருப்பது ஆணியின் பிடுங்கல் தாங்குதிறன் மட்டுமே. ஆகவே ஜனவரியில் காய்ந்து தளர்ந்த கூரையின் குறை, மே மாதத்தில் பருவக்காற்று திரும்பும் இரவில்தான் வெளியே வரும். ஓரத்துச் சீற் முதலில் போகும். அங்கேதான் உறிஞ்சல் அதிகம்.

பாரத்தோடு காய்வது

பச்சை மரத்தில் கூரை ஓடுகளை ஏற்றிவிட்டுக் காய விட்டால் மரம் வழமையைவிட அதிகமாகத் தொய்கிறது. பாரத்தின் கீழ் ஈரம் மாறும்போது மரத்தின் உள்ளிழைகள் வழுக்கி இடம் மாறுவது இதற்குக் காரணம். யூரோகோட் 5 இதற்கு எண் தருகிறது. மழை படாத ஆனால் ஈரக் காற்றுப்படும் கூரைக்குள் சாதாரண மரம், ஓட்டின் நிலையான பாரத்தில் முதல் நாள் தொய்ந்த அளவில் 0.8 மடங்கு காலப்போக்கில் மேலும் தொய்யும். பச்சையில் ஏற்றிப் பாரத்தோடு காய்ந்தால் அந்த 0.8 என்பது 1.8 ஆகும். முதல் நாள் 10 மில்லிமீற்றர் தொய்ந்தால், காய்ந்த மரத்தில் கடைசியில் 18. பச்சை மரத்தில் 28. காய்ந்து முடிந்தபின் மரம் விறைப்பாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் தொய்ந்த வடிவத்திலேயே விறைத்துவிடும்.

துருவைப் பற்றி ஒரு சொல்

ஈரமான மரத்தின் அமிலமும் துவர்ப்புச் சத்தும் இரும்பை அரிக்கும். ஆணியைச் சுற்றிப் படரும் கறுப்புக் கறை அதன் அடையாளம். மரம் 20 சதவீதத்துக்கு மேலே இருக்கும்வரை அரிப்பு ஓடும். காய்ந்தபின் மிக மெதுவாகும். பச்சை மரத்துக்கும் கடலோர வீட்டுக்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணி, போல்ட் என்பது ஆடம்பரமல்ல.

எந்த வெடிப்புக்குப் பயப்பட வேண்டும்?

தடித்த உத்தரத்தின் முகத்தில் நீளவாட்டில் விழும் வெடிப்பைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். வெளிப்பகுதி முந்திக் காய்ந்து சுருங்க, உள்பகுதி இன்னும் ஈரமாக நிற்பதால் அது வருகிறது. பொருத்திலிருந்து விலகி, நார்ப்போக்கோடு போகும் வெடிப்பு பெரும்பாலும் தீங்கற்றது.

பயப்பட வேண்டியது முனை வெடிப்புக்கு. மரத்திலிருந்து ஈரம் பக்கத்தைவிட அறுத்த முனை வழியே பத்துப் பதினைந்து மடங்கு வேகமாகப் போகும். ஆகவே முனை முதலில் காய்ந்து பிளக்கும். நாமோ போல்டைப் பெரும்பாலும் அந்த முனைக்குப் பக்கத்தில்தான் போடுகிறோம். முனை வெடிப்பு போல்ட் ஓட்டையைத் தொட்டுவிட்டால், இழுவிசையில் போல்ட் அந்தக் கோட்டின் வழியே மரத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஒரு மெல்லிய கம்பியை வெடிப்புக்குள் விட்டு எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். ஓட்டையை எட்டினால் உடனே பொறியியலாளரையோ அனுபவமுள்ள தச்சரையோ கூப்பிட வேண்டும்.

பழைய காலத்தில் பச்சை மரத்தில் செய்யவில்லையா?

செய்தார்கள். கழுந்தைத் துளையில் செலுத்தி மர முளை அடித்தார்கள். முளையை மட்டும் நன்கு காய்ந்த வைர மரத்தில் செதுக்கினார்கள். ஈரமான சட்டத்துக்குள் போன காய்ந்த முளை ஈரத்தை உறிஞ்சி ஊதி இறுகும். பிறகு சட்டமும் முளையும் சேர்ந்தே காயும். மரமும் முளையும் ஒரே இனம், ஒரே போக்கு. இரும்பு அப்படியல்ல. அந்தத் தச்சர்களின் அறிவை அவர்கள் தேர்ந்த மரத்தில் மட்டும் பார்க்காமல் முளையிலும் பார்க்க வேண்டும்.

மரம் வாங்கும்போதும் பொருத்தும்போதும்

1. சூளையில் உலர்த்திய மரம் கிடைத்தால் கூரைக்கு அதையே வாங்குங்கள். இரண்டு ஊசி கொண்ட ஈரமானி இருந்தால் பலகையின் மேற்பரப்பில் குத்தி அளக்காதீர்கள். மேற்பரப்பு எப்போதும் நல்ல பிள்ளை. முனையிலிருந்து ஓரடி தள்ளி வெட்டி, புதிதாக அறுத்த முகத்தின் நடுவில் அளந்து பாருங்கள். 19க்குக் கீழே என்றால் தாராளமாகப் பொருத்தலாம். 25க்கு மேல் என்றால் கீழுள்ளவை எல்லாம் உங்களுக்கு.

2. காய வைக்க நேரம் இருந்தால் நிழலில், தரைக்கு மேலே, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே ஒரே தடிப்புக் குச்சி வைத்து அடுக்குங்கள். அறுத்த முனைகளுக்கு மெழுகோ தடித்த பெயின்டோ பூசுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்பது சரி, பிளந்தும் காயும்.

3. ஈர மரத்தில் பொருத்தியே ஆக வேண்டுமென்றால், பிடுங்கல் வரும் இடத்தில் வழுவழுப்பான ஆணியைத் தவிர்த்துத் திருகாணி போடுங்கள். திருகாணியின் புரி நாரைக் கவ்வுவதால் காய்ந்தபின் அதன் பிடிக்கு அமெரிக்க நியமம் குறைப்பே சொல்வதில்லை. முதலில் சிறு ஓட்டை போட்டுப் பிறகு திருகுங்கள். திருகாணி கட்டுப்படியாகாவிட்டால், ஊடுருவி வரும் ஆணியின் நுனியை மறுபக்கம் நார்ப்போக்குக்குக் குறுக்கே மடித்து அடியுங்கள். மடித்த ஆணி, மடிக்காததைவிட மிக நன்றாக நிற்கும்.

4. போல்டுக்குப் பெரிய வொஷர் போடுங்கள். புரி போதாமல் போகாதபடி நட்டுக்கு உள்பக்கமும் கொஞ்சம் புரி இருக்கட்டும். இழுவிசை வரும் முனையில் போல்டின் நடுவிலிருந்து மர முனைவரை போல்ட் விட்டத்தின் ஏழு மடங்கும், 80 மில்லிமீற்றருக்குக் குறையாமலும் இடம் விடுங்கள். 12 மில்லிமீற்றர் போல்டுக்கு அது 84.

5. அகலமான உத்தரத்தில் ஒரே தகட்டில் மேலும் கீழும் போல்ட் வரிசை போட வேண்டாம். ஒரே வரிசை, அல்லது வரிசைக்கு ஒரு தகடு, அல்லது ஒரு வரிசைக்கு மரம் சுருங்கும் திசையில் நீண்ட ஓட்டை.

6. சீற்றுக் கூரையில் கைமரத்தையும் சுவர் மேல் வளையையும் வளைத்துக் கட்டும் இரும்புப் பட்டி போடுங்கள். பட்டியில் ஆணி பக்கவாட்டில் வெட்டுவிசையைத் தாங்கும், பிடுங்கலை நம்பியிருக்காது.

7. நட்டை இறுக்கும் திகதியை இப்போதே குறித்து வையுங்கள்: கூரை ஏறி மூன்று மாதத்தில் ஒரு முறை, முதல் ஜனவரி-பெப்ரவரி வறட்சி முடியும்போது ஒரு முறை, அடுத்த ஆண்டு அதே நேரத்தில் ஒரு முறை. வொஷர் மரத்துக்குள் புதையுமளவுக்கு முறுக்க வேண்டாம். பலகைகள் மறுபடி ஒன்றோடொன்று தொட்டால் போதும்.

8. இந்த மூன்று இறுக்கலும் முடியாமல் உட்கூரைப் பலகை அடித்து மூடாதீர்கள். மூடியே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொரு போல்டுக்கும் நேர் கீழே ஒரு பலகையைக் கழற்றக்கூடியதாகத் திருகாணியில் விட்டு, எந்தப் பலகை என்று அடையாளம் போட்டு வையுங்கள்.